எதுவும் விற்காத விளம்பர ஆட்டோ

"அந்தப் பையனை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்களாமே?" என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். போன வாரம்கூடக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் வீடு தேடி வந்து, கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு கேட்டார்கள். கண்டுபிடிப்பதற்கு அவன் ஒன்றும் தொலைந்து போயிருக்கவில்லை. சிதம்பரம் மேலவீதியில் பட்டப்பகலில் கூம்பு ஸ்பீக்கர் வைத்துக் கத்திக்கொண்டிருந்தான். அவனைக் கண்டுபிடிக்கக் காது இருந்தால் போதும். ஆனால் கேட்கிறவர்களிடம் பாதிப் பாதியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. முழுசாக எழுதிவிட்டால், அடுத்து வருகிறவர்களிடம் இதைக் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்கு வெங்காயம் உரிக்கலாம்.

முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டும். நீங்கள் கடலூர்ப் பக்கத்துக்காரராக இருந்தால் என்னைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். விளம்பர ஆட்டோ தெருவில் வரும்போது "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஒரு பெண் குரல் அழைக்குமே, அது நான்தான். ஆடித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், நாளை மின்சாரம் வராது, காணாமல் போன எருமை, எல்லாம் என் வாயால்தான் ஊருக்குத் தெரிந்தன. தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் எதிர்க் கட்சிக்கும் ஓட்டுக் கேட்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே அளவு உருக்கம்தான் கொடுத்தேன், குறை சொல்ல முடியாது.

படித்துவிட்டு வேலைக்கு அலைந்த காலத்தில், திருப்பாப்புலியூரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். அன்று குரல் கொடுக்க வர வேண்டிய பெண் வரவில்லை. "நீ படிம்மா" என்றார் முதலாளி. படித்தேன். அதற்குப் பிறகு டைப் அடிக்க அவர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். ஏசி அறையில் உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கேட்டு ஒருநாளும் தலையாட்ட மாட்டார். "ரூம்ல கேட்டா கழுத கத்துறதுகூட நல்லாத்தான் இருக்கும். தெருவுல கேக்கணும்" என்பார். மொட்டை மாடியில் பழைய கூம்பு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். பதிவு முடிந்ததும் அதில் போடச் சொல்லிவிட்டு, எதிர்ச் சாரி டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்காருவார். பஸ் போகும், சைக்கிள் மணி அடிக்கும், பாத்திரம் உருளும். அத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழ வேண்டும். முதல் டீயைக் குடித்துவிட்டு இரண்டாவது டீ சொன்னார் என்றால் பதிவு சரி. எழுந்து ரோட்டைத் தாண்டி வந்தார் என்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். நாங்கள் ஜன்னல் வழியாக அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அவருடைய சட்டங்களும் அந்த டீக்கடையில் பிறந்தவைதான். ஆட்டோ நகர்ந்துகொண்டே இருக்கும். வாசலில் நிற்பவளுக்கு இரண்டு வாக்கியம்தான் காதில் விழும். அதனால் எந்த இரண்டு வாக்கியத்தைப் பிய்த்து எடுத்தாலும் கடைப் பெயர் அதில் இருக்க வேண்டும். ஆள் நிற்கிற வாசலில் வண்டி மெதுவாகப் போக வேண்டும், வெறும் மதில் வந்தால் வேகமெடுக்க வேண்டும். கடைசியாக, குரல் கொடுக்கிறவர் பெயர் எங்கேயும் வரக்கூடாது. "காசு குடுக்கறவன் பேரு போதும்மா. நம்ம பேரு எதுக்கு?" என்பார். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

ஒரே ஒரு தொந்தரவு. கடைத்தெருவில் தக்காளிக்காரரிடம் "ஒரு கிலோ போடுங்க" என்று சொன்னால், அந்த மனிதர் என்னைப் பார்க்காமல் திரும்பி ரோட்டைப் பார்ப்பார். ஆட்டோ வருகிறதா என்று தேடுவார். "எங்கியோ கேட்ட கொரலா இருக்குதே" என்று முணுமுணுத்துக்கொண்டே நிறுப்பார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவருக்குப் பிடிபடவில்லை. நானும் சொன்னதில்லை.

இனி பையனிடம் வருகிறேன். நாத்தனார் வீட்டு விசேஷத்துக்காகச் சிதம்பரம் போயிருந்தேன். மேலவீதியில் பூ வாங்கிக்கொண்டு நிற்கும்போது எங்கள் சென்டரின் ஆட்டோ வந்தது. கண் சிகிச்சை முகாம். முந்தின நாள்தான் நான் குரல் கொடுத்திருந்தேன். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று என்னுடைய அதே இழுப்போடு ஆரம்பித்தது. ஆனால் ஆம்பளைக் குரல். பிறகு இப்படிப் போனது:

"பஸ்ஸு போர்ட படிக்கறதுக்குள்ள பஸ்ஸே போயிடுதா?
பக்கத்து வூட்டு பார்வதி வந்தா பாம்பா தெரியுதா?
நாளைக்கு காலையில வாங்க நம்மூரு மண்டபம்,
நாலு எழுத்து தெரியறவரைக்கும் நாங்க வுட மாட்டம்!"

பூக்காரம்மா முழம் போடுவதை நிறுத்திவிட்டார். இரண்டு பிள்ளைகள் ஆட்டோ பின்னால் ஓடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய் வண்டியை மறித்தேன்.

"யாருப்பா நீ? ரெக்கார்டு எங்க?"

ஓட்டுநர் இருக்கையில் மைக்கும் கையுமாக இருந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குரலைக் கேட்டதும் வாயைப் பிளந்துவிட்டான். "யக்கா, நீங்க பென்டிரைவ் அக்காதான?"

இப்படித்தான் எனக்கு அறிமுகமானான் சந்துரு. குமராட்சிப் பக்கத்துப் பையன். மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பிறகு எங்கள் சிதம்பரம் ஆட்டோவை ஓட்ட வந்தவன். பதிவுகள் அவனுக்கு பென்டிரைவில் போகும். மாதக்கணக்காக என் குரலை ஊர் ஊராகச் சுமந்தவன் என்னை அன்றுதான் பார்த்தான்.

"பென்டிரைவ் என்னா ஆச்சி?"

"டீ கொட்டிடுச்சிக்கா. மொதலாளிகிட்ட சொன்னா வைவாரு. நோட்டீசு கையில இருந்திச்சா, நானே படிச்சிட்டன்."

"இது படிக்கறதா?"

"பின்ன? மெதுவா படிச்சா எனுக்கே தூக்கம் வருது. இதுக்கு ராப்புன்னு பேருக்கா. நா நெறைய எழுதி வச்சிருக்கன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "மினிபஸ்ஸுன்னு பேரு வச்சிருக்கன், எனுக்கு. பெரிய பஸ்ஸு போவாத எடத்துக்கெல்லாம் போவும்ல, அதான்."

கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி கைப்பேசியில் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அதை அஸ்லமிடம் போட்டுக் காட்டினேன். அஸ்லம் எங்கள் சென்டரில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவன். பரங்கிப்பேட்டைக்காரன். வளைகுடாவில் ஒரு ஓட்டலில் ஒலி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். அதிகம் பேச மாட்டான். பதிவின் நடுவில் காக்கா கத்தினால் முகம் சுருங்கிவிடும், அந்த அளவுக்குச் சுத்தம் பார்ப்பான். சொந்தமாகத் தாளமும் இசையும் கட்டி லேப்டாப்பில் சேர்த்து வைத்திருந்தான். அந்த வேலை செய்கிறவனுக்கு புரொட்யூசர் என்று பெயராம். சினிமாவில் புரொட்யூசர் என்றால் பணம் போடுகிறவர் ஆயிற்றே, இவன் டிபன் பாக்ஸில் தயிர் சாதம் கொண்டுவருகிறானே என்று கொஞ்ச நாள் குழம்பியிருந்தேன்.

கண் முகாமைத் திரும்பத் திரும்பக் கேட்டான். ஹெட்போனைக் கழற்றினான். "யாருக்கா இவன்? எங்கிட்ட பீட்டு எவ்ளோ கெடக்கு, அதுமேல ஏறுற வாயிதான் இல்லாம இருந்திச்சி. நாளைக்கே வரச் சொல்லுங்க."

வந்தான். பார்த்தார்கள். ஒரு பிளேட் பரோட்டா முடிவதற்குள் மச்சான், மச்சான் என்று ஆகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். சந்துருவுக்கு அப்பா இல்லை. விருத்தாசலத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் தாய்மாமன் செல்வராசுதான் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டவர். பையன் ஆட்டோவில் கத்தித் திரிவது அவருக்குப் பிடிக்கவில்லை. கடைக்கு வந்து கல்லாவில் உட்கார் என்று நெருக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. "பொங்கல் வரைக்கும் டயம். ஒரு பாட்டு போடு. ஒன்ன தெரியாத நாலு பேரு வாயில அது வரட்டும், நா எதுவும் கேக்க மாட்டன். வரலியா, பொங்கல் முடிஞ்ச மறுநாளு பையத் தூக்கிக்கிட்டு கடைக்கு வந்துடணும். அதுக்கப்புறம் ராப்பு கீப்புன்னு பேசக்கூடாது." சந்துருவும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான். அவன் வாக்கு மாறுகிற ஆள் இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமே.

பரங்கிப்பேட்டையில் அஸ்லமின் அக்கா வீட்டு மாடியில் ஒரு அறை. வெளிச்சத்தம் வராமல் சுவரெல்லாம் மெத்தையை நிறுத்திக் கட்டியிருந்தான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவன் லாத்தா, அதாவது அந்த அக்கா, மேலே ஏறி வந்து ஒரு சுவரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். அங்கேதான் பதிவு. நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். போகாமல் வீட்டில் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

பதிவு தேறவே இல்லை. தெருவில் அந்த ஆட்டம் ஆடின பையன், மெத்தைக்கு நடுவில் மைக் முன்னால் நின்றால், பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிப்பவன் மாதிரி ஆகிவிட்டான். அஸ்லம் விளக்கை அணைத்துப் பார்த்தான், ஏற்றிப் பார்த்தான். எதிரில் நின்று கையை ஆட்டி ஆடிக்கூடப் பார்த்தான். அவன் ஆடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான், இன்னொரு தடவை வேண்டாம்.

"எதுர்ல மெத்ததான் இருக்குது மச்சான்" என்றான் சந்துரு பாவமாக. "மெத்தைய பாத்து என்னாத்த சொல்றது? படுக்கத்தான் தோணுது. ஆட்டோவுல ஆளு மொகம் தெரியும். அவுங்க மொகத்த பாத்தா அடுத்த வரி தானா வரும்."

அஸ்லம் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். பிறகு தனக்குத்தானே தீர்ப்பு சொல்வது போலச் சொன்னான்: "அப்ப ரூம வுட்டுட்டு தெருவுக்குப் போவோம்." காக்கா சத்தத்துக்கே முகம் சுருக்குகிறவன் அதைச் சொல்ல என்ன பாடுபட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

மார்கழி தரிசனம் முடிந்திருந்தது. சிதம்பரம் வீதிகளில் திருவிழாக் கடைகள் பாதி பிரித்தும் பிரிக்காமலும் கிடந்தன. அன்று ஒரு பர்னிச்சர் கடைக்கு அறிவிப்பு வேலை. அதை முடித்துவிட்டு அதே வண்டியில் பாட்டைப் பதிவு செய்வது என்று ஏற்பாடு. அஸ்லம் பின் இருக்கையில் லேப்டாப்போடு, அவன் பக்கத்தில் நான். என்னை ஒட்டி ஓரத்தில் உட்கார்ந்த சந்துருவின் காதில் இயர்போன் வழியாகத் தாளம், சட்டையில் குட்டி மைக், குரல் மட்டும் கூம்பு வழியாகத் தெருவுக்கு. எல்லாம் சரி. காதை அடைத்துக்கொண்டு அவன் ஓட்ட முடியாது, அப்புறம் வண்டியை யார் ஓட்டுவது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா செல்வராசு வந்து சேர்ந்தார். "பொங்கல் கிட்ட வந்துடுச்சி, என்னா பண்றான்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தன்" என்றார். அவர் சிமெண்ட் மூட்டைக்காக லோடு ஆட்டோ ஓட்டிப் பழகியவர். நாங்கள் மூவரும் அவரையே பார்த்தோம்.

"என்னா அப்புடி பாக்கறீங்க?" என்றார். ஆனால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கீழவீதியில் கிளம்பினோம். மாமா வியாபாரி. சொல்லாமலே ஆள் நிற்கிற வாசலில் மெதுவாகப் போனார், வெறும் மதிலில் வேகமெடுத்தார். எங்கள் முதலாளி பார்த்திருந்தால் அன்றைக்கே வேலைக்கு எடுத்திருப்பார். சந்துரு ஆரம்பித்தான்:

"எங்கூரு மினிபஸ்ஸுல எடம் இல்ல, ஏறு,
ஏறுனவன் எறங்க மாட்டான் கூட்டத்த பாரு,
கொள்ளிடம் பொங்கி வந்தா கொல்லையில கெளுத்தி,
கொழம்பு வச்சி தின்னுப்புட்டு அழுவுறோம் வயல நெனச்சி."

முகங்கள் திரும்பின. அவன் குரல் நிமிர்ந்தது. அஸ்லம் என் முழங்கையை அழுத்தினான். தெற்குவீதி, மேலவீதி என்று தாண்டி வடக்குவீதிக்குத் திரும்பும் இடத்தில், கோலமாவு விற்கிற அம்மா ஒருவர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"எவ்ளோ நேரமா கேக்கறன், கடை பேரே சொல்ல மாட்டன்றீங்க. என்னாப்பா விக்கிறீங்க?"

கேட்டது ஓட்டுநரிடம். மாமா பிரேக்கை மிதித்தார். கடைக்காரர் இல்லையா, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர் வாழ்க்கையில் நின்றதே கிடையாது. தலையைப் பின்னால் திருப்பி, நிஜமான பதற்றத்தோடு கேட்டார்: "டேய், என்னாடா விக்கிறோம்?"

சந்துரு தாளத்தை விடவில்லை.

"ஒண்ணும் விக்கல மாமா, ஒண்ணும் விக்கல!
ஒங்க காதுல போட வந்தோம், வேற சிக்கல் இல்ல!"

கோலமாவு அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். மாமா காது சிவந்து, வண்டியை அந்த இடத்திலிருந்து விரட்டினார். வெறும் மதிலே இல்லாத தெருவில் அவ்வளவு வேகம் தேவையில்லை.

பதிவைக் கேட்டபோதுதான் சண்டை வந்தது. பாட்டின் உயிரே மாமா கேட்ட கேள்வியில் இருக்கிறது, அது அப்படியே வேண்டும் என்றான் சந்துரு. மாமாவின் குரல் கிழிந்து கேட்கிறது, பின்னால் ஒரு பஸ் ஹாரன் வேறு, அதை வெளியே விட்டால் தொழில் தெரிந்தவன் ஒருத்தனும் தன்னை மதிக்கமாட்டான் என்றான் அஸ்லம். அவனுக்கும் அது முதல் பாட்டுதானே. இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் ஒரே அறையில்தான் இருந்தார்கள்.

"அக்கா, பொங்கலுக்கு இன்னும் நாளு இல்லன்னு அவன்கிட்ட சொல்லுங்க" என்பான் சந்துரு.

"அக்கா, எனக்கும் காலண்டர் பாக்கத் தெரியும்னு சொல்லுங்க."

நடுவில் உட்கார்ந்து நான் கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் அஸ்லம் ஒரு வழி சொன்னான். மாமாவையே சென்டருக்கு வரவழைத்து, அதே கேள்வியைச் சுத்தமாகப் பதிவு செய்துவிடலாம் என்றான்.

மாமா வந்தார். கரை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. பெண் பார்க்க வந்தவர் போல மைக் முன்னால் உட்கார்ந்தார்.

"மாமா, அன்னிக்கி கேட்டீங்கல்ல, அதே மாதிரி கேளுங்க" என்றான் அஸ்லம்.

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நாம் என்ன விற்பனை செய்கிறோம்?"

"அப்புடி இல்ல மாமா. சும்மா சாதாரணமா."

"தம்பி, நாம் இப்பொழுது எதை விற்கின்றோம்?"

இன்னும் பல தடவை கேட்டார். கேட்கக் கேட்கத் தமிழ் இறுகிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் "தோழர்களே" என்று ஆரம்பித்தார். முதலில் சிரித்தது அஸ்லம்தான். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கினான். அப்புறம் சந்துரு. பேச்சு வார்த்தை இல்லாத இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு லேசானது. "என்னா, நல்லா வந்திச்சா?" என்று மாமா என்னைக் கேட்டார்.

அன்று மாலையே அஸ்லம் தெருப் பதிவைத் திரும்ப எடுத்துக்கொண்டான். பஸ் ஹாரனைக்கூட நீக்கவில்லை. ஆட்டோ நின்றபடி இரைந்த சத்தத்தை வெட்டி எடுத்து அதையே தாளமாக அடுக்கினான். கிழிந்த குரலோடு மாமா பாட்டு நெடுக "என்னாடா விக்கிறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாட்டின் முடிவு மட்டும் பாக்கி. "அக்கா, கடைசியில ஒங்க கொரலு வேணும்" என்றான் அஸ்லம். நோட்டீஸ் எங்கே என்று கையை நீட்டினேன். "எங்க வரி கெடையாது. ஒங்க வார்த்தைதான். ஒரு வரி."

மைக் முன்னால் நின்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்றும் வரவில்லை. எத்தனை ஆயிரம் வாக்கியம் பேசின வாய் இது. அத்தனையும் ஊரான் வாக்கியம் என்று அந்த நொடியில்தான் உறைத்தது. அழுகையும் வந்தது, இந்தப் பயல்கள் மேல் கோபமும் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள். கடைசியில், என்னுடையது என்று சொல்ல என்னிடம் இருந்த ஒன்றைச் சொன்னேன்.

"இதுவரை உங்களிடம் பேசிக்கொண்டிருந்தது, வசந்தா."

வழக்கம்போல மொட்டை மாடிக் கூம்பில் போட்டோம். முதலாளி டீக்கடைக்குப் போனார். அவர் சட்டத்தை மீறியிருக்கிறேன், அதுவும் அவருடைய கூம்பிலேயே. ஜன்னலோரம் நின்று அவர் டம்ளரைப் பார்த்தேன். பாட்டு முடிந்தது. இரண்டாவது டீ சொல்லவில்லை. எழுந்தார், ரோட்டைத் தாண்டினார், மாடி ஏறி வந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"அஸ்லமு, கடைசில வர்ற பேரு அமுங்குது. பஸ்ஸு போனா கேக்காது. தூக்கி வை."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பொங்கலுக்கு முன்னால் அஸ்லம் பாட்டை இணையத்தில் ஏற்றினான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. குமராட்சி மினிபஸ்ஸில் பழைய சகாக்கள் போட்டார்களாம், அவ்வளவுதான் செய்தி வந்தது. காணும் பொங்கலும் முடிந்தது. சந்துரு சொன்ன சொல் மாறாமல் பையைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலத்துக்கு பஸ் ஏறினான். ஏற்றிவிட்டு வந்த அஸ்லம் சென்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அதில் எதுவும் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் மாமாவிடமிருந்து போன் வந்தது.

"யம்மா, இது என்னா கூத்து? காலையிலேர்ந்து லோடு எறக்குற பசங்க என்ன பாத்து, 'டேய், என்னாடா விக்கிறோம்'ங்கறானுங்க. வயசுக்காச்சும் மரியாத வேணாமா? மினிபஸ்ஸுல கேட்டானுங்களாம், அங்கேர்ந்து பெரிய பஸ்ஸுக்கு வந்துடுச்சாம். கம்பி வாங்க வந்த கொத்தனாரு 'ஒண்ணும் விக்கல மாமா'ன்னு பாடிக்கிட்டே வெல கேக்கறாரு. சிமெண்டு கடையில நின்னுக்கிட்டு பாடுற பாட்டா இது?"

"அப்ப நாலு பேரு ஆயிடுச்சா?" என்று கேட்டேன்.

"ஆயிடுச்சி" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. "சாயங்கால பஸ்ஸுல அவன திருப்பி அனுப்பறன். இவன் கல்லாவுல உக்காந்தா யாவாரம் படுத்துடும். அடுத்த பாட்டுல நா இருக்கனான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா."

அடுத்த பாட்டில் அவர் இல்லை. அதில் அவருக்கு இன்னும் வருத்தம்தான். மினிபஸ்ஸும் அஸ்லமும் இப்போது சேர்ந்தே ஊர் ஊராகப் போகிறார்கள், சண்டை போட்டால் எனக்குத்தான் போன் வருகிறது. சென்டரில் அறிவிப்புகளுக்குக் கம்ப்யூட்டர் குரல் வந்துவிட்டது. அதற்குத் தொண்டை கட்டாது, தீபாவளிக்குப் புடவை எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை. நான் மனம் கோணாமல்தான் விடைபெற்றேன்.

வேலையை விட்ட மறுநாள் கடைத்தெருவுக்குப் போனேன். கையில் பை, அவசரம் எதுவும் இல்லை. தக்காளிக் கூடைக்கு முன்னால் நின்று, "ஒரு கிலோ போடுங்க" என்றேன்.

தக்காளிக்காரர் ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. தராசைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு கிலோ போதுமா, வசந்தாக்கா?"